ஔவையார் எத்தனை பேர்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நம் எல்லார் மனத்திலும் ஓர் ஔவைப் பாட்டி இருக்கிறாள். நரைத்த தலை, நெற்றி நிறையத் திருநீறு, கையில் கோல். ‘அறம் செய விரும்பு’ என்று சொன்னது அவள்தான், அதியமானிடம் நெல்லிக்கனி வாங்கியதும் அவள்தான், நாவல் மரத்தடியில் முருகனிடம் தோற்றுப்போனதும் அவள்தான் என்றே வளர்ந்தோம். இவை மூன்றும் ஒருவரே செய்தவை அல்ல என்று சொன்னால், நம் பாட்டியைப் பறித்துக்கொள்கிறார்களே என்று பலர் கலங்குகிறார்கள். அப்படிக் கலங்கியவர்களும், பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லித்தரும் பெற்றோரும் என்னிடம் கேட்ட கேள்விகள் இவை. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எல்லாரையும் ஒரே கிழவியாக்கியதில் நாம் ஒரு மகா கவியைத் தொலைத்துவிட்டோம். அவரைத் திரும்பப் பெறவேண்டும்.

சுருக்கமாகச் சொல்லுங்கள், ஔவையார் ஒருவரா பலரா?

பலர். குறைந்தது மூவர் என்பதில் பெரிய தகராறு இல்லை. முதலாமவர் சங்கப் பாடல்கள் பாடியவர். அடுத்தவர் ஆத்திசூடி, கொன்றை வேந்தன், மூதுரை, நல்வழி ஆகிய நீதி நூல்களின் ஆசிரியர். மூன்றாவது, விநாயகர் அகவல், ஔவைக்குறள் போன்ற யோக நூல்களுக்கு உரியவர். இவர்களைத் தவிர, தனிப்பாடல்களிலும் கதைகளிலும் வாழும் கதை ஔவை ஒருத்தி இருக்கிறாள். நான்கு என்றும் ஆறு என்றும் கணக்குச் சொல்லும் ஆய்வாளர்களும் உண்டு. எண்ணிக்கையை விட, முதலாமவருக்கும் மற்றவர்களுக்கும் நடுவே சுமார் ஆயிரம் ஆண்டு இடைவெளி இருக்கிறது என்பதை நினைவில் வைத்தால் போதும்.

அத்தனை பேருக்கும் எப்படி ஒரே பெயர் வந்தது?

‘ஔவை’ முதலில் ஓர் ஆளின் பெயரே அல்ல. அகராதியைப் பார்த்தால் தாய், மூதாட்டி, தவப்பெண் என்று பொருள் போட்டிருக்கும். பக்கத்து மொழிகளில் இன்றும் இந்தச் சொல் உயிரோடு இருக்கிறது: கன்னடத்தில் ‘அவ்வ’ என்றால் அம்மா, தெலுங்கில் ‘அவ்வா’ என்றால் பாட்டி. நாம் ‘அம்மையார்’ என்று சொல்வது போல மரியாதையாக அழைத்த சொல்தான் ‘ஔவையார்’. இயற்பெயர் மறைந்து, அழைத்த பெயர் தங்கிவிட்டது.

இன்னொரு காரணமும் உண்டு. முதல் ஔவை புகழ் பெற்ற பின், ‘ஔவை வாக்கு’ என்றாலே அதற்கு ஒரு மதிப்பு வந்துவிட்டது. பின்னால் வந்த புலமை மிக்க பெண்களை ஊரே ஔவை என்று அழைத்திருக்கலாம், அவர்களே அந்தப் பெயரை விரும்பி ஏற்றிருக்கலாம். யாரோ பாடிய நல்ல வெண்பா ஒன்று பெயர் தெரியாமல் திரிந்தால், அதையும் ஔவை கணக்கிலேயே எழுதிவிட்டார்கள்.

சங்க கால ஔவையைப் பற்றி உறுதியாக என்ன தெரியும்?

அவர் பெயரில் 59 பாடல்கள் கிடைத்திருக்கின்றன. புறநானூற்றில் 33, குறுந்தொகையில் 15, நற்றிணையில் 7, அகநானூற்றில் 4. சங்கப் பெண் புலவர்களில் இவ்வளவு பாடல் வேறு யாருக்கும் இல்லை.

அவரை ஆதரித்தவன் தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி. தகடூர் என்பது இன்றைய தருமபுரி. அவனைப் புகழ்ந்தும், அவனோடு கோபித்துக்கொண்டும், அவனுக்காகத் தூது போயும், கடைசியில் அவன் இறந்தபோது அழுதும் பாடியிருக்கிறார். வரிசையாகப் படித்தால் ஒரு நட்பின் முழுக் கதையும் கிடைக்கும்.

தொண்டைமானிடம் தூது போன பாட்டு புறம் 95. அவன் தன் படைக்கலக் கொட்டிலைப் பெருமையோடு காட்டுகிறான். இவர் பாராட்டுவது போலவே பேச்சைத் தொடங்குகிறார்: உன் வேல்கள் மயிற்பீலி அணிந்து, மாலை சூட்டி, நெய் பூசி, காவல் மிகுந்த அரண்மனையில் அழகாக இருக்கின்றன. எங்கள் அரசனுடையவையோ பகைவரைக் குத்தி நுனி உடைந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன. அவ்வளவுதான் பாட்டு. மிரட்டல் ஒரு சொல்லில்கூடத் தெரியாது. ஆனால் தொண்டைமானுக்கு அன்றிரவு தூக்கம் வந்திருக்காது.

கோபப் பாட்டு புறம் 206. பரிசில் தர அதியமான் தாமதித்தபோது வாயில் காவலனைக் கூப்பிட்டுச் சொல்கிறார்: உன் அரசன் தன்னை அறியானா, என்னை அறியானா? அறிவும் புகழும் உடையவர்கள் எல்லாம் செத்து உலகம் வெறிச்சோடிப் போய்விடவில்லை. இதோ யாழை எடுத்துக்கொண்டேன், மூட்டையைக் கட்டிவிட்டேன், ‘எத்திசைச் செலினும் அத்திசைச் சோறே.’ தொழில் தெரிந்த ஒருவரின் தன்மானம் இவ்வளவு நேராகப் பேசுவதை நான் வேறு எங்கும் அதிகம் பார்த்ததில்லை.

அகப்பாடல்களைப் பாடியதும் இவரேதானா என்ற சந்தேகம் வரலாம். குறுந்தொகை 91-ஆம் பாட்டில் ‘நெடுந்தேர் அஞ்சி’ உவமையாக வருகிறான். காதல் பாட்டுக்குள்ளும் தன் நண்பனைக் கொண்டுவந்து நிறுத்தியவர் அதே ஔவை என்று கொள்வதில் எனக்குத் தயக்கம் இல்லை.

அவர் கிழவி இல்லையா?

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிக நேரம் செலவிடுவேன்.

புறம் 89-இல் ஒரு பகை அரசன் பாடுபவரைப் பார்த்து, ‘மடவரல் உண்கண் வாணுதல் விறலி, உங்கள் நாட்டில் போரிடுவாரும் உளரோ’ என்று கேட்கிறான். மை தீட்டிய கண்ணும் ஒளி பொருந்திய நெற்றியும் உடைய இளம் விறலி என்று பொருள். விறலி என்பவள் ஆடிப் பாடும் பாணர் குலப் பெண். அவனுக்கு அவர் தரும் பதில்: அடிக்கிற கோலுக்கு அஞ்சாமல் சீறும் பாம்பு போன்ற வீரர்கள் எங்களிடம் உண்டு. அது மட்டுமா, மன்றத்தில் தொங்கும் தண்ணுமைப் பறையில் காற்று மோதி ஒலித்தாலே ‘அது போர்’ என்று எழும் என் தலைவனும் இருக்கிறான்.

விறலி என்பது பாட்டுக்காகப் போட்ட வேடம் என்று ஒருவர் வாதாடலாம். சரி, அப்படியே வைத்துக்கொள்வோம். ஆனால் அந்த 59 பாடல்களில் தன்னைக் கிழவியாகக் காட்டும் வரி ஒன்றுகூட என் கண்ணில் பட்டதில்லை.

அதியமான் இறந்தபின் பாடிய புறம் 235-ஐ எடுத்துப் பாருங்கள். ‘சிறியகட் பெறினே எமக்கீயும் மன்னே’ என்று தொடங்குகிறது. கொஞ்சம் கள் கிடைத்தால் எனக்கே கொடுத்துவிடுவான், நிறையக் கிடைத்தால் எனக்கும் கொடுத்து, நான் பாடத் தானும் மகிழ்ந்து குடிப்பான். எல்லாம் போயிற்றே என்பதுதான் அந்த ‘மன்னே’. சில வரிகள் தள்ளி, ‘நரந்தம் நாறும் தன்கையால் புலவு நாறும் என்தலை தைவரும் மன்னே’ என்கிறார். நறுமணம் கமழும் தன் கையால், புலால் வீசும் என் தலையைத் தடவிக்கொடுப்பானே. அவன் மார்பில் பாய்ந்த வேல் பாணரின் பாத்திரத்தைத் துளைத்து, இரப்பவர் கைகளைத் துளைத்து, புலவர்களின் நாவில் போய் விழுந்தது என்று பாட்டு வளர்கிறது. இனி யார் யாருக்காகப் பாடுவது?

புறம் 232-இல் இன்னும் அடங்கிய குரல். அவன் நடுகல்லுக்குப் பீலி சூட்டி, சிறு கலத்தில் கள் ஊற்றுகிறார்கள். மலையோடு ஒரு நாட்டையே கொடுத்தாலும் கொள்ளாதவன், இதைக் கொள்வானோ என்று கேட்கிறார்.

அரசனோடு சேர்ந்து கள் குடித்தவர், அவன் கை தன் தலையைத் தடவியதைக் கூச்சமில்லாமல் சொன்னவர், அவனுக்காகப் பகைவர் அரண்மனையில் நின்று பேசியவர். இந்தப் பெண்ணைப் பாட்டி வேடத்துக்குள் அடைக்கவே முடியாது.

நெல்லிக்கனி கதை உண்மையா?

கனியைக் கொடுத்தது பாட்டிலேயே இருக்கிறது. புறம் 91-இல், பெரிய மலைப் பிளவின் உச்சியில் அரிதாகப் பெற்ற சிறிய இலை நெல்லியின் இனிய கனியை, அதன் சிறப்பைச் சொல்லாமல் உன் மனத்துக்குள் அடக்கி, ‘சாதல் நீங்க எமக்கு ஈத்தனையே’ என்று ஔவையே சொல்கிறார். வெளிச்சாட்சியும் உண்டு: சிறுபாணாற்றுப்படையில், அமிழ்தம் போன்ற நெல்லிக்கனியை ஔவைக்குக் கொடுத்தவன் என்று அதியமானைப் பேர் சொல்லிப் புகழ்கிறார்கள்.

அந்தக் கனியைத் தின்றதால்தான் கம்பர் காலம் வரை வாழ்ந்தார் என்கிறார்களே?

ஆயிரம் ஆண்டு இடைவெளியை நிரப்ப மக்கள் கண்டுபிடித்த வழி இது. அழகான வழி, எனக்கும் பிடிக்கும். ஆனால் ‘சாதல் நீங்க’ என்பது நண்பனின் அன்பைச் சொல்ல வந்த தொடர். அதை வயதுக் கணக்காக்கினால் பாட்டின் உயிர் போய்விடும். நீடு வாழ வேண்டியவன் அவன், தனக்கு வந்த ஆயுளை ஒரு பாடகிக்குக் கொடுத்துவிட்டான் என்பதுதான் அங்கே செய்தி. அவன் முதலில் இறந்தான், இவர் இருந்து அழுதார். அது போதாதா?

அதியமான் நிஜமாகவே இருந்தானா?

இருந்தான். 1981-இல் திருக்கோவிலூருக்குப் பக்கத்தில் ஜம்பை என்னும் ஊர்க் குன்றில் ஒரு தமிழ் பிராமிக் கல்வெட்டைக் கண்டுபிடித்தார்கள். ‘ஸதியபுதோ அதியந் நெடுமாந் அஞ்சி ஈத்த பாளி’ என்பது வாசகம். பாளி என்றால் துறவிகள் தங்கும் குகை. அசோகனின் கல்வெட்டுகளில் சேர, சோழ, பாண்டியரோடு ‘ஸதியபுத’ என்று ஒரு நான்காம் பெயர் வரும். அது யார் என்று வெகு காலம் விவாதித்துக்கொண்டிருந்தார்கள். ஜம்பைக் கல்வெட்டு அதை அதியர் குலத்தோடு இணைத்துவிட்டது. புறநானூற்றில் ஔவை எப்படி அழைத்தாரோ, அதே ‘நெடுமான் அஞ்சி’ கல்லில் இருக்கிறான். முதன்முதலில் அந்த வாசகத்தை அச்சில் படித்தபோது எனக்குச் சிலிர்த்துவிட்டது.

ஆத்திசூடி பாடியவர் சங்க ஔவை இல்லை என்று எப்படி உறுதியாகச் சொல்கிறீர்கள்?

அந்த நூல்களே சொல்கின்றன. நல்வழியின் கடைசி வெண்பா இது:

‘தேவர் குறளும் திருநான் மறைமுடிவும்
மூவர் தமிழும் முனிமொழியும் – கோவை
திருவா சகமும் திருமூலர் சொல்லும்
ஒருவா சகமென் றுணர்.’

மூவர் தமிழ் என்றால் அப்பர், சம்பந்தர், சுந்தரர் பாடிய தேவாரம். கோவையும் திருவாசகமும் மாணிக்கவாசகருடையவை. இவற்றையெல்லாம் படித்த ஒருவர், நடுகல்லுக்குக் கள் படைத்த காலத்தில் இருந்திருக்க முடியாது.

என் மனத்துக்கு நெருக்கமான சான்று நல்வழியின் காப்புச் செய்யுள்தான். பாலும் தேனும் பாகும் பருப்பும் உனக்கு நான் தருகிறேன், ‘நீயெனக்குச் சங்கத் தமிழ்மூன்றும் தா’ என்று பிள்ளையாரிடம் கேட்கிறார். சங்கத் தமிழை வேண்டிப் பெறவேண்டிய பழம்பொருளாகப் பார்க்கிறவர், தாமே சங்கப் புலவராக எப்படி இருப்பார்? அதோடு, சங்கப் பாடல்களில் பிள்ளையார் வழிபாடே கிடையாது. இவரோ பிள்ளையாரைப் பாடித்தான் ஏட்டை எடுக்கிறார்.

யாப்பும் மாறிவிட்டது. சங்க ஔவை பாடியது அகவல் ஓசையில். மூதுரையும் நல்வழியும் வெண்பா. மொழியும் நம் காலத்துக்கு மிக அருகே வந்துவிடுகிறது. உரை இல்லாமலே பாதி புரியும். இந்த ஔவையைப் பொதுவாக 12-ஆம் நூற்றாண்டை ஒட்டி வைக்கிறார்கள்.

இவர் சிறியவர் என்று நான் சொல்ல வரவில்லை. ஆத்திசூடியில் 109 வரி, கொன்றை வேந்தனில் 91 வரி. மூதுரை காப்பு நீங்கலாக 30 வெண்பா, நல்வழி 40. எழுத்து கற்கும் குழந்தையின் வாயில் அகர வரிசையோடு அறத்தையும் வைக்க வேண்டும் என்று யோசித்த மனம் எவ்வளவு பெரிய மனம்! திண்ணைப் பள்ளிகளில் தலைமுறை தலைமுறையாகத் தமிழ்க் குழந்தைகள் முதலில் சொன்ன வாசகங்கள் இவருடையவை. ‘சாதி இரண்டொழிய வேறில்லை’ என்று தொடங்கி, இட்டார் பெரியோர், இடாதார் இழிகுலத்தோர் என்று முடித்தவரும் இவரே. பாரதியார் அந்த வரியை எடுத்துத் ‘தமிழ்மகள் சொல்லிய சொல் அமிழ்தமென்போம்’ என்று பாடினார்.

ஒரு பெண் ‘தையல்சொல் கேளேல்’ என்று எழுதுவாரா?

ஆத்திசூடியில் அந்த வரி இருக்கிறது, மழுப்ப வேண்டாம். பெண் சொல்வதைக் கேட்காதே என்பதுதான் நேர்ப்பொருள். உரைகாரர்கள் எப்படியெல்லாமோ சமாதானம் சொல்லிப் பார்த்திருக்கிறார்கள். என்னை எந்தச் சமாதானமும் திருப்திப்படுத்தவில்லை. அரசனே ஒரு பெண்ணின் சொல்லை நம்பித் தூது அனுப்பிய காலத்துக்கும் இந்த வரிக்கும் இடையே தமிழ்ச் சமூகம் எவ்வளவு மாறிவிட்டது என்பதற்கு இதுவே அடையாளம். இரண்டு ஔவைகளும் ஒருவரே என்று பிடிவாதம் பிடித்தால், தூது போன பெண்ணின் வாயிலேயே இந்த வரியைத் திணித்தவர்களாவோம். பாரதி தம் புதிய ஆத்திசூடியில் ‘தையலை உயர்வு செய்’ என்று எழுதினார். அந்தப் பழைய வரிக்கு நேராக வைத்த பதிலாகவே நான் அதைப் படிக்கிறேன்.

விநாயகர் அகவலும் நீதி நூல் ஔவையுடையதுதானா?

‘சீதக் களபச் செந்தாமரைப் பூம்’ என்று தொடங்கி 72 அடி ஓடும் அந்தப் பாட்டு, பக்திப் பாட்டு மாதிரி ஆரம்பித்து யோகத்துக்குள் போய்விடும். ‘மூலா தாரத்தின் மூண்டெழு கனலைக் காலால் எழுப்பும் கருத்தறி வித்தே’ என்பது குண்டலினியைப் பற்றிய பேச்சு. ஔவைக்குறளின் 310 குறளும் அதே வழி. குழந்தைக்கு ‘ஊக்கமது கைவிடேல்’ சொன்னவரும் இதைச் சொன்னவரும் ஒருவராக இருக்கலாம் என்பவர்களும் உண்டு. சித்தர் மரபைச் சேர்ந்த வேறொருவர் என்றே எனக்குப் படுகிறது.

இந்த அகவலை ஒட்டித்தான் கயிலைக் கதை வருகிறது. சுந்தரர் யானையிலும் சேரமான் பெருமாள் குதிரையிலும் கயிலைக்குப் புறப்பட, ஔவை அவசரப்படாமல் பூசையை முடிக்க, பிள்ளையார் துதிக்கையால் தூக்கி அவர்களுக்கு முன்னே கொண்டுபோய் விட்டார் என்பார்கள்.

கம்பரோடு போட்டி போட்டது, கூழுக்குப் பாடியது?

இது கதை ஔவையின் எல்லை. சிலம்பி என்ற பெண் தன்னைப் பற்றிக் கம்பரிடம் பாட்டுக் கேட்டாள். முழு வெண்பாவுக்கு ஆயிரம் பொன். அவளிடம் ஐந்நூறுதான் இருந்தது. பாதிப் பாட்டைச் சுவரில் எழுதிவிட்டுக் கம்பர் போய்விட்டார். அந்த வழியாக வந்த ஔவை, அவள் கொடுத்த கூழைக் குடித்துவிட்டு மீதியை எழுதி முடித்தாள். ‘பெண்ணாவாள் அம்பொற் சிலம்பி’ என்று பாட்டு நிறைந்தது.

நடந்ததா என்று கேட்டால், சான்று கிடையாது. ஆனால் தமிழர்கள் யாரைத் தங்கள் பக்கத்துக் கவியாக நினைத்தார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். கம்பர் அரசவைக்கு, ஔவை கூழ்ப் பானைக்கு. தமிழ் நாவலர் சரிதையிலும், 19-ஆம் நூற்றாண்டில் இராமநாதபுரம் பொன்னுசாமித் தேவரின் ஆதரவில் சந்திரசேகர கவிராயர் தொகுத்த தனிப்பாடல் திரட்டிலும் இப்படிப்பட்ட பாடல்களைப் பார்க்கலாம். அட்டாவதானம் வீராசாமிச் செட்டியாரின் விநோதரசமஞ்சரி இத்தகைய கதைகளை வீடுதோறும் கொண்டு சேர்த்தது.

சுட்ட பழம், சுடாத பழம்?

அதுவும் கதைதான், நமக்கு மிகவும் பிடித்த கதை. கவனிக்க ஒன்று உண்டு: அந்தக் கதைக்குரிய தனிப்பாடலில் ஔவை தோற்றது ‘காரெருமை மேய்க்கின்ற காளைக்கு’. முருகன் பெயரே அதில் இல்லை. எருமை மேய்க்கும் ஒரு பையனிடம் தோற்றுவிட்டேன், இரண்டு இரவு என் கண் உறங்காது என்கிறாள். அந்தப் பையனை முருகனாக்கியது பின்னால் சேர்ந்த பக்தி. கடவுள் வராத வடிவம்தான் எனக்கு உயர்ந்ததாகத் தோன்றுகிறது. புலமைச் செருக்கு ஒரு சாதாரணப் பையனின் கேள்வியில் உடைகிறது, அதை அவளே ஒப்புக்கொள்கிறாள்.

பாரியின் மகள்களுக்குக் கல்யாணம் செய்து வைத்தது ஔவைதானே?

கதையில் ஆம். அங்கவை, சங்கவை என்ற பெயர்களும், பனந்துண்டத்தைப் பாடிப் பழம் வரவழைத்ததும் அந்தக் கதையில் வருபவை. சங்கப் பாடல்களில் அந்தப் பெண்களை அழைத்துக்கொண்டு அலைந்தவர் கபிலர். விச்சிக்கோன், இருங்கோவேள் என்ற சிற்றரசர்களிடம் மணந்துகொள்ளக் கேட்டார், இருவரும் மறுத்தார்கள். புறநானூற்றில் 200 முதல் 202 வரை அந்த வேதனைதான். பாரி மகளை மலையனுக்குக் கொடுத்துவிட்டுக் கபிலர் தீப்புகுந்தார் என்று திருக்கோவிலூர் வீரட்டானேசுவரர் கோயிலில் முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டு ஒன்று சொல்கிறது. நண்பனின் பிள்ளைகளுக்காகக் கபிலர் பட்ட பாட்டை எடுத்து ஔவைக்குக் கொடுத்துவிட்டோம். ஒரே பெயருக்குள் பலரை அடைப்பதில் இந்த ஆபத்தும் இருக்கிறது. பெயர் பெருக்கப் பெருக்க, பக்கத்தில் நிற்பவர்களின் செயலும் அதற்குள் போய்விடுகிறது.

வள்ளுவர் ஔவையின் தம்பி என்பது?

ஆதி, பகவன் என்ற இருவருக்கும் பிறந்த ஏழு பேர் ஔவை, உப்பை, உறுவை, வள்ளி, அதிகமான், கபிலர், வள்ளுவர் என்பது கபிலர் அகவல் தரும் பட்டியல். ‘ஆதி பகவன் முதற்றே உலகு’ என்ற குறளிலிருந்தே அப்பா அம்மாவை உண்டாக்கிவிட்டார்கள். வரலாறாக எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் ஏழு குழந்தைகளும் ஏழு வெவ்வேறு வீடுகளில் வளர்ந்தார்கள் என்று சொல்லிப் பிறப்பில் உயர்வு தாழ்வு இல்லை என்று காட்டிய அந்தக் கதையின் நெஞ்சம் நல்ல நெஞ்சம்.

கபிலர் அகவல் பாடியது சங்கக் கபிலரா?

இல்லை, பிற்காலத்தவர். ஔவைக்கு நடந்தது மற்றவர்களுக்கும் நடந்திருக்கிறது. பாரியின் நண்பர் கபிலர் ஒருவர், பதினோராம் திருமுறையில் வரும் கபிலதேவ நாயனார் இன்னொருவர், அகவல் பாடியவர் வேறொருவர். நெடுநல்வாடை தந்த நக்கீரருக்கும் பதினோராம் திருமுறை நக்கீரதேவ நாயனாருக்கும் இடையே பல நூற்றாண்டுகள். பரணருக்கும் ஒரு பரணதேவ நாயனார் உண்டு.

சங்க ஔவையை நாம் மறந்தது எப்படி?

ஏடுகள் கண்ணில் படாமல் இருந்ததுதான் பெரிய காரணம். உ.வே.சாமிநாதையர் புறநானூற்றை அச்சிட்டது 1894-இல். அதற்கு முன்பு பொதுமக்களுக்குத் தெரிந்ததெல்லாம் திண்ணைப் பள்ளி ஔவையும் கதை ஔவையும்தான். இளம் விறலி வெளியே வந்தபோது, பாட்டி ஏற்கெனவே எல்லார் வீட்டிலும் உட்கார்ந்துவிட்டாள்.

அப்புறம் நாடகமும் சினிமாவும் அந்த உருவத்தை உறுதியாக்கின. டி.கே.எஸ். சகோதரர்களின் ஔவையார் நாடகத்தில் கிழவியாக நடித்த டி.கே. சண்முகத்துக்கு ‘அவ்வை சண்முகம்’ என்பதே பெயராயிற்று. சென்னையில் லாயிட்ஸ் சாலை இன்று அவர் பெயரில் இருக்கிறது. 1953-இல் ஜெமினி நிறுவனத்தின் ‘ஔவையார்’ படத்தில் கே.பி. சுந்தராம்பாள் பாடி நடித்தார். அந்தக் குரலைக் கேட்டவர்களுக்கு ஔவைக்கு வேறு முகம் நினைக்க முடியாது. அது அவருடைய மேதைமை. 1968-இல் இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டை ஒட்டி மெரினாவில் நிறுவிய சிலையும் மூதாட்டிதான்.

ஔவையைத் தெய்வமாகக் கும்பிடுகிறார்களாமே?

ஆம். குமரி மாவட்டத்தில் தாழக்குடிக்குப் பக்கத்தில் ஔவையார் அம்மன் கோயில் இருக்கிறது. ஆடிச் செவ்வாய்களில் பெண்கள் கூட்டம் கூட்டமாகப் போய்க் கொழுக்கட்டை அவிப்பார்கள். தென் மாவட்டங்களில் வீடுகளிலும் ஔவை நோன்பு உண்டு. இரவில், ஆண்கள் எல்லாரும் தூங்கிய பின் பெண்கள் மட்டும் கூடி, உப்பில்லாத கொழுக்கட்டை செய்து கதை சொல்லிக் கும்பிடுவார்கள். ஆண்கள் பார்க்கவும் கூடாது, தின்னவும் கூடாது. ‘அசந்தால் ஆடி, தப்பினால் தை, மறந்தால் மாசி’ என்பது நோன்புக்கான மாதக் கணக்கு. புலவர் ஔவைக்கும் இந்த ஔவைக்கும் என்ன உறவு என்பதை விட, ‘அவ்வை’ என்றால் தாய் என்னும் பழம்பொருள் இங்கே அப்படியே வாழ்கிறது என்பதுதான் என்னைத் தொடுகிறது.

இன்றைக்கு இந்தப் பெயர் யார் யாரிடம் இருக்கிறது?

மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி 1930-ஐ ஒட்டிச் சென்னையில் ஆதரவற்ற பெண்களுக்காகத் தொடங்கிய இல்லத்துக்கு அவ்வை என்றே பெயர் வைத்தார். திண்டிவனத்துக்கு அருகே ஔவையார்குப்பம் என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்கே பிறந்ததால்தான் உரைவேந்தர் ஔவை சு. துரைசாமிப் பிள்ளைக்கு அந்த முன்பெயர். அவர் புறநானூற்றுக்கும் நற்றிணைக்கும் விரிவான உரை எழுதினார். ஆக, ஔவை பாட்டுக்கு ஔவை உரை. அவர் மகன் ஔவை நடராசன் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்தார். வானத்திலும் உண்டு: வெள்ளிக் கோளின் பள்ளங்களுக்குப் பெண்களின் பெயர் வைப்பது வழக்கம், அவற்றில் சுமார் 20 கிலோமீட்டர் அகலமுள்ள ஒன்றுக்கு ஔவையின் பெயர்.

ஔவையா, அவ்வையா? தேடினால் பாதிதான் கிடைக்கிறது.

இரண்டும் சரி. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. ‘ஔ’ என்பது ஒரே எழுத்து. பலர் ‘ஒ’ அடித்துப் பக்கத்தில் ‘ள’ அடித்துவிடுகிறார்கள். கண்ணுக்கு ஒன்றுபோல் தெரியும், கணினிக்கு அது ‘ஒளவை’ என்னும் வேறு சொல். ஆகவே தேடும்போது மூன்று விதமாகவும் தேடிப் பாருங்கள். எழுதும்போது தயவு செய்து ஒற்றை எழுத்து ‘ஔ’ போடுங்கள்.

வாட்ஸ்அப்பில் ‘ஔவை சொன்னது’ என்று வருகிறதே, எந்த ஔவை என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

நூல் பெயரும் பாட்டு எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். புறநானூறு, குறுந்தொகை, நற்றிணை, அகநானூறு என்றால் முதல் ஔவை. ஒரே வரி அறிவுரையாக இருந்தால் ஆத்திசூடியிலோ கொன்றை வேந்தனிலோ தேடுங்கள், இரண்டும் அகர வரிசையில் இருப்பதால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். நான்கடி வெண்பா என்றால் மூதுரை, நல்வழி, பிறகு தனிப்பாடல் திரட்டு. எதிலும் இல்லையென்றால் அது ஔவை வாக்கு இல்லை, அனுப்பியவரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்.

குழந்தைகளுக்கு எந்த ஔவையைச் சொல்லித்தருவது?

சிறு வயதில் ஆத்திசூடியும் நாவல் மரக் கதையும் தாராளமாகச் சொல்லுங்கள். கதையைக் கதை என்றே சொல்லிச் சொல்லுங்கள், குழந்தைகளுக்கு அது நன்றாகவே புரியும். பத்து வயதில் தொண்டைமான் தூதைச் சொல்லலாம், அந்த வயதில் அது மிகவும் பிடிக்கும். பதினாறு, பதினேழு வந்ததும் குறுந்தொகை 28-ஐக் கையில் கொடுங்கள். ‘முட்டுவேன்கொல் தாக்குவேன்கொல்’ என்று தொடங்கும் ஐந்தே வரி. நடு இரவு, அலைக்கழிக்கும் காற்று, உள்ளே தாங்க முடியாத வேதனை, சுற்றிலும் அதை அறியாமல் தூங்கும் ஊர். முட்டிக்கொள்வேனா, மோதுவேனா, ஏதோ ஒரு சாக்கை வைத்து ‘ஆ, ஓ’ என்று கத்திவிடுவேனா என்று ஒரு பெண் கேட்கிறாள். படித்து முடித்ததும், இதை எழுதியவர் பெயரும் ஔவையார் என்று சொல்லுங்கள்.